ஒருத்திக்கு மட்டும் பேரீச்சம்பழம்

"பாவம், கதிரையை விட்டு எழும்பவே ஏலாது போலை கிடக்கு. முழங்காலைப் பாருங்கோ, சஞ்சீவன் அண்ணை."

நிருஜா தமிழில்தான் சொன்னாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் இருந்த அந்தப் பழைய பலகை வீட்டில் அப்போது மூன்று பேர்தான் இருந்தார்கள். நிருஜா, முதியவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்கிறார்களா என்று மதிப்பிட வந்தவள்; வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. சஞ்சீவன் ரியாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வருடங்கள் வேலை பார்த்தவர். இங்கே அரபு மொழிபெயர்ப்பாளர். எதிரே கறுப்பு முக்காட்டுடன் நஜாத், எண்பது வயது ஈராக்கியப் பெண்மணி.

சஞ்சீவன் அரபியில் கேட்க வாயைத் திறப்பதற்குள் நஜாத் எழுந்து நின்றுவிட்டார். கதிரையின் கைப்பிடியைத் தொடக்கூட இல்லை.

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லை, அதுக்குள்ளை எழும்பிட்டுது. சரியான பிடிவாதக் கிழவி!" சஞ்சீவன் சிரித்தார்.

நிருஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன குளிர்காலத்தில் நஜாத் தோட்டத்தில் விழுந்துவிட்டார். அன்றிலிருந்து அவரை ஆல்பனியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட மகன் துடிக்கிறான். செத்தாலும் போகமாட்டேன் என்கிறார் தாய். இவரால் தனியே இருக்க முடியுமா, முடியாதா? நிருஜா இன்று எழுதப்போவதை வைத்துத்தான் முடிவு.

"மகன் வேலைக்குப் போற வழியிலை வந்து கேற்றடியிலை நிண்டு சொன்னவன்," என்றார் சஞ்சீவன். "முந்தி குவைத்திலை இருக்கேக்கை அரண்மனை மாதிரி வீடாம். சமைக்க ஒராள், கூட்ட ஒராள். இவ தண்ணிகூடத் தானா எடுத்துக் குடிச்சதில்லையாம். இஞ்சை தனிய இருந்து என்னத்தை வெட்டிப் புடுங்கப்போறா? ஏலாது எண்டு எழுதிவிடும், தங்கச்சி. அந்தப் பெடியனுக்கும் நிம்மதி."

"முதல்லை கேப்பம், அண்ணை. குளிக்கிறதைக் கேளுங்கோ."

அவர் கேட்டார். நஜாத் கையை வீசி வீசி நீளமாகப் பதில் சொன்னார்.

"தொட்டிக்குள்ளை இறங்க மாட்டாவாம். ஸ்டூலிலை இருந்து வாளியிலை அள்ளி ஊத்துவாவாம்."

படிவத்தில் இருந்த கேள்வி, தொட்டிக்குள் இறங்கி ஏற முடியுமா என்பதுதான். நிருஜாவின் பேனா தயங்கியது.

"கத்தி, முள்ளுக்கரண்டியாலை வெட்டிச் சாப்பிடுவாவோ?"

சஞ்சீவன் கேட்டதும், "லா!" என்று மறுத்து நஜாத் தலையைப் பின்னுக்கு வெட்டினார். வலக்கை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார்.

"பாத்தீரே? அதுவும் ஏலாது. ரெண்டுக்கும் உதவி தேவை எண்டு போடும்."

"அப்பிடிப் பாத்தா என்ரை அம்மாவுக்கும் போடோணும். அவ புட்டை முள்ளுக்கரண்டியாலை குத்தியே தின்னுறா?"

"உம்மடை அம்மா வேறை, இது வேறை."

என்ன வேறை என்று கேட்க வாயெடுத்தாள். உடனே அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "நான்தான் பிழையா விளங்குறனோ தெரியேல்லை, அண்ணை. இவவை நம்பி எழுதி, நாளைக்கு எங்கையும் விழுந்து கிடந்தா? அடுப்படியிலை ஒருக்காப் பாத்தாத்தான் எனக்கு மனம் ஆறும். கொதிதண்ணி பிடிக்கேக்கை கை நடுங்குமோ எண்டு..."

பேச்சை முடிப்பதற்குள் கதிரை காலியாக இருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

இருவரும் எழுந்து ஓடினார்கள். நஜாத் நிதானமாக ஏலக்காயைத் தட்டிப் போட்டுக் கோப்பி காய்ச்சிக்கொண்டிருந்தார். பொங்கி வரும்போது இறக்கினார், மறுபடி வைத்தார். தட்டை வாங்கிக்கொள்ளச் சஞ்சீவன் கையை நீட்டினார். "லா!" முழங்கையால் அவரை விலக்கிவிட்டுத் தட்டைத் தானே கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

நிருஜாவின் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையப் பேரீச்சம்பழம் வைத்தார். சஞ்சீவனுக்கு வெறும் கோப்பி.

ஒரு வாய் குடித்ததும் சஞ்சீவனின் முகம் கோணியது. சரியான கசப்பு. அவர் கை கிண்ணத்தை நோக்கிப் போனது. நஜாத் அதை இன்னும் கொஞ்சம் நிருஜாவின் பக்கம் தள்ளிவைத்தார்.

"மறதியும் இருக்குது, பாத்தீரே! வந்தது ரெண்டு பேர். ஒராளுக்குத்தான் பழம். அரபுக்காரரின்ரை வீட்டிலை இப்பிடி நடக்கவே நடக்காது. இதையும் எழுதும். இது ஒண்டே காணும், ஹோமிலை போட."

நிருஜா நிமிர்ந்து பார்த்தாள். நஜாத்தின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கெஞ்சும் கண்கள் அல்ல. சண்டைக்கு நிற்கும் கண்கள்.

"இல்லை, அண்ணை." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தொட்டி வேண்டாமெண்டா வாளியிலை குளிக்கட்டும். கையாலை தின்னட்டும். தனிய இருப்பா எண்டுதான் நான் எழுதப்போறன். குளிக்கிற இடத்திலை பிடிச்சு எழும்ப ஒரு கைப்பிடி பூட்டினாச் சரி. மகனோடை நானே கதைக்கிறன்."

"உம்மடை விருப்பம். ஆனா எனக்கு ஏன் பழம் வைக்கேல்லை எண்டு ஒருக்காக் கேக்கிறன். மறதியோ இல்லையோ எண்டு அப்ப தெரியும்."

சஞ்சீவன் திரும்பி அரபியில் கேட்டார்.

நஜாத் தன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"மறதி இல்லை, தம்பி," என்றார் தெளிவான தமிழில். "எங்கடை வீட்டிலை இருபது வருசம் இருந்து என்ரை பிள்ளையளை வளத்த புஷ்பவதி மன்னார்க்காரி. என்னைக் கிழவி எண்டு சொல்லுறவைக்கு நான் பழம் வைக்கிறேல்லை."