நாற்காலியைப் பார்க்கும் பூனை

அப்பா இறந்து நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள். கடைசிப் பத்தொன்பது நாட்களாகப் பூனை அவரைப் பார்க்கிறது.

அம்மா அப்படித்தான் சொன்னாள்.

மாலை ஐந்தே முக்கால். அவர் நடந்துவிட்டு வீடு திரும்பும் நேரம். பூனை வாசல் பக்கம் முகத்தைத் தூக்கும். பிறகு அதன் தலை மெல்ல நகரும். வாசலிலிருந்து கூடம். கூடத்திலிருந்து பிரம்பு நாற்காலி.

அங்கே நின்றுவிடும்.

பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் வழியாக நேரே அதன் முகத்தில் விழும். கண்மணி சுருங்காது. விளிம்புவரை கறுப்பு.

அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் காப்பி வைப்பாள். இந்தப் பத்தொன்பது நாட்களாகத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

அதனால் மகள் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை பூனையைக் கூடையில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனாள். தடுப்பூசி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். என்ன சாப்பாடு என்றார்.

தயிர்சாதம். கொஞ்சம் பால். சைவ வீடு, முட்டைகூட உள்ளே வராது.

டாரின் இல்லை என்றார். மீனிலும் இறைச்சியிலும் இருக்கிற சத்து. நம் உடம்பு தானே செய்துகொள்ளும். பூனைக்குச் சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. பார்வை போய்விட்டது, இனித் திரும்பாது. இதயமும் வீங்கத் தொடங்கியிருக்கிறது. மருந்தும் மீனும் கொடுத்தால் அதையாவது காப்பாற்றிவிடலாம்.

பிறகு அவரே கேட்டார். ஒன்பது வயதுப் பூனை. இத்தனை வருடம் தயிர்சாதத்தில் எப்படித் தாக்குப்பிடித்தது?

அவள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கூடையை எடுத்தாள்.

ஐந்தே முக்கால்.

பூனை முகத்தைத் தூக்கியது. வாசல். கூடம். நாற்காலி.

குருட்டுப் பூனை.

“பாரு, வந்துட்டாக” என்றபடி அம்மா தம்ளரோடு வந்தாள்.

மகள் சொல்லிவிட்டாள். கண், இதயம், மீன். எல்லாவற்றையும், நாற்காலிப் பக்கம் திரும்பாமல்.

அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள்.

பிரம்பு ஒருமுறை முனகியது.

அம்மா பீரோவைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த அப்பாவின் கைக்குட்டைகளில் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். செருப்பை மாட்டினாள். மீன்கடை எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை.

படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

“எட்டு வருசமா அவுக கைக்குட்டையைத் துவைச்சவ நாந்தானட்டி. தெனமும் மீன் வாடை அடிக்கும். இந்தப் பூனைக்குத்தான் வாங்கிப் போடுதாகன்னு எனக்குத் தெரியும்.”