மாடிப்படிக்குக் கீழே

வீட்டில் எது உடைந்தாலும் பழைய சாமான்காரருக்கென்று மாடிப்படிக்குக் கீழே போட்டுவைப்பாள் மெர்சி. ஒன்றரை வயது ஷைனி அதைப் பார்த்தே உடைந்ததைத் தனியாகப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டாள். சக்கரம் போன கார், பிடி உடைந்த கப் எல்லாவற்றையும் அவளே தூக்கிப்போய்ப் போட்டாள். முழுசாக இருப்பதைத் தொடவேமாட்டாள். போட்டதும் தனக்குத்தானே கைதட்டிக்கொள்வாள். விபத்தில் ஒரு காலை இழந்து வீட்டோடு கிடந்த செல்வினுக்கு, மகளின் சாமர்த்தியம் ஒன்றுதான் பொழுதுபோக்கு.

அன்று அவள் அவனுடைய ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வந்து அவன் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"ப்பா, வா."

செல்வின் தரையோடு நகர்ந்து போய், அவள் காட்டிய இடத்தில், செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷைனி கைதட்டினாள்.

வாசலில் மெர்சியின் குரல் கேட்டது.

"உள்ள வாங்கண்ணே, அங்க இருக்கற எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க."

செல்வின் எழுந்திருக்கப் பார்க்கவில்லை.