நான்கெல்லை இல்லாத பத்திரம்

பதினேழாவது முறையாகத் திரையை மேலே தள்ளினார். இன்னும் முடியவில்லை.

பக்க எண்ணும் கிடையாது.

பக்க எண் இல்லாத பத்திரத்தை அவர் நம்பியதே இல்லை. முப்பத்தெட்டு வருடம் கோவில்பட்டி சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். ஓர் எழுத்தை அடித்துத் திருத்தினாலும் ஓரத்தில் கையெழுத்து வாங்காமல் விட மாட்டார்.

இது மகள் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய புது போன். அதில் முகம் பார்த்துப் பேச ஒரு செயலி. பேசுவதற்கு முன்னால் ஓர் ஒப்பந்தம். அடியில் ஒரே ஒரு பொத்தான்: ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டேன் என்று சொல்ல இடமே வைக்கவில்லை.

இன்று பேத்திக்குப் பெயர் சூட்டுகிறார்கள். நல்ல நேரம் பன்னிரண்டு மணி வரை. முதல் முறை அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியது அவர். போனைக் குழந்தையின் காதருகே பிடிப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

மணி பதினொன்று நாற்பது.

"இன்னுமா படிக்கீங்க? ஊரு உலகமே அமுக்கிட்டுப் போகுது." மனைவி செண்பகவல்லி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு மணி நேரமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"உன் பழைய போன்லயே பேரச் சொல்லிரட்டுமா?"

"பிள்ள மொகத்தப் பாக்காமயா?"

அவரும் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கண் மட்டும் வரியை விடவில்லை.

முற்றிலும் இலவசம் என்று முதலிலேயே போட்டிருந்தது. அங்கேயே அவருக்குப் பொறி தட்டிவிட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? தானப் பத்திரத்தில்கூட ஒரு காரணம் எழுத வேண்டும், அன்பினாலும் பிரியத்தினாலும் என்று. இவனுக்கு நம் மேல் என்ன பிரியம்?

எழுதிக் கொடுப்பவர் இவர். எழுதி வாங்குபவன் கம்பெனி. கம்பெனியிடம் தகப்பனார் பெயர் கேட்க முடியாது, சரி. கொடுக்கிற சொத்துக்கு நான்கெல்லையாவது போட வேண்டாமா?

உங்கள் குரல். உங்கள் முகம். உங்கள் இருப்பிடம். உங்களுக்குத் தெரிந்தவர்கள்.

வடக்கே எது? தெற்கே எது? எங்கே போய் முடிகிறது?

நிபந்தனைகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த வரியை நான்கு தரம் படித்தார். பதிவான பத்திரத்தில் ஓர் எழுத்தை மாற்றினால் ஜெயில்.

"திருட்டுப் பயலுவ."

இத்தனை நீளமாக எழுதுகிறவன் எதையோ ஒளிக்கிறான். அந்த வரி முதலில் இருக்காது. கடைசியிலும் இருக்காது, கடைசியைச் சிலர் படித்துவிடுவார்கள். முக்கால்வாசியில், கண் அசருகிற இடத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகிற வாக்கியத்தின் வாலில் இருக்கும்.

எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அங்கேதான் அவரும் ஒரு தரம் வைத்தார்.

பேச்சியம்மாள். இரண்டு ஏக்கர் கரிசலை விற்க வந்தவள். கிணற்றை அவள் விற்கவில்லை. மீதி நிலத்துக்கு அதுதான் தண்ணீர்.

வாங்குகிறவர் முதல் நாள் சாயங்காலமே தனியாக வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

மேற்படி நிலத்தை ஒட்டிய கிணறும் அதன் தண்ணீர்ப் பாத்தியமும் உட்பட. ஒரே வரிதான்.

மறுநாள் பத்திரத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அந்த வரி வந்ததும் இருமினார். இருமி முடித்து அடுத்த வரிக்குப் போனார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா."

அவள் பெருவிரலை அவர்தான் பிடித்து மையில் உருட்டினார். எழுந்து போகும்போது விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே போனாள். கைநாட்டு வைக்கிற எல்லாரும் செய்வதுதான்.

அடுத்த கோடையில் கிணற்றைச் சுற்றி வேலி போட்டார்கள். அவள் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாலு பேர் பார்க்க வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். இத்தனை வருடம் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

செண்பகவல்லியின் பழைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகள்.

"அம்மா, அப்பாவ சீக்கிரம் வரச் சொல்லு. பிள்ள தூங்கிரும்."

பதினொன்று ஐம்பத்து நான்கு.

முக்கால்வாசிக்குப் போனார். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் பிடித்துப் பார்த்தார். மேலே போனார், கீழே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கிடைக்கவில்லை.

அவரைவிடக் கெட்டிக்காரன் எழுதியிருக்கிறான்.

"என்னங்க."

பெருவிரலை வைத்து அமுக்கினார்.

திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு முழுக்கக் குழந்தை. சின்ன நெற்றி, உதட்டோரம் பால் ஈரம், அவருடைய அம்மாவின் மூக்கு.

பெயரைச் சொன்னார். இரண்டாவது முறையும் சொன்னார். மூன்றாவது முறை குரலை இறக்கிச் சொன்னார், வேறு யாரோ ஒட்டுக் கேட்பதுபோல.

குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது. அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவல்லி அழுதாள்.

அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"எதுக்குத் தலையத் தேச்சிக்கிட்டே இருக்கீங்க? வலிக்கா?"

அப்போதுதான் கவனித்தார். பெருவிரல் முடிக்குள் இருந்தது.