வாலுவின் வயிறு

சட்டையைத் தூக்கியதுதான் தாமதம், என் மகள் வாலு கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

சிரிக்கும்போது எண்ணினால் கணக்கில் சேராது என்றார் நர்சம்மா. கையில் இருந்த ஸ்டாப்வாட்சை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

சுற்றிலும் பாயில் புதிய அம்மாக்கள், மடியில் ஆளுக்கொரு பிள்ளை. சளி, இருமல் வந்தால் வீட்டிலேயே எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள். மூச்சு எண்ணுவதை மட்டும் நான்தான் செய்து காட்ட வேண்டுமாம். போன மாசம் வீட்டில் தனியாக, ஒரே தடவையில், பிசகாமல் எண்ணியவள் என்று என்னைப் பற்றி ஏகப்பட்ட பில்டப் வேறு.

வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். வாலுவுக்கு ரெண்டு வயசு. நாற்பதைத் தொட்டால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி.

இன்றைக்கு அவளுக்கு மூக்கு ஒழுகுகிறது. காலையிலிருந்து இருமல். பாடம் நடந்தால் நடக்கட்டும், நடக்காவிட்டால் போகட்டும், எனக்கு அந்த எண் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது தடவை பதினொன்று வரை வந்துவிட்டேன். என் கண் தன் தொப்புள் மேலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் கழுதை வேண்டுமென்றே வயிற்றை உப்பிக் காட்டினாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது தடவை எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் இருந்த ஒருத்திக்கு விக்கல் எடுத்தது.

அவ்வளவுதான். ஹால் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கென்றே தெரியாமல் பிள்ளைகளும் சிரித்தன. நர்சம்மா எங்களை முறைத்துப் பார்த்தார், சிரிப்பை அடக்க முடியாமல் கையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு விலாவே வலித்துவிட்டது.

விக்கல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள், இப்படி ஒரு வாலுவை வைத்துக்கொண்டு போன மாசம் மட்டும் எப்படிக்கா ஒரே தடவையில் எண்ணி முடித்தீர்கள் என்று.

"அன்னைக்கு அவ சிரிக்கலம்மா. சட்டையைத் தூக்கினேன், அப்படியே கிடந்தா."

விக்கல்கூட நின்றுவிட்டது.

திடீரென்று எல்லாரும் அடங்கிப்போனதில் வாலு குழம்பிப்போனாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நர்சம்மா சத்தமில்லாமல் ஸ்டாப்வாட்சை அழுத்தியதை நான் கவனித்தேன். எண்ணினேன்.

இருபத்தொன்பது. அப்பாடா.

நான் நிமிர்வதற்குள் அவளே சட்டையைக் கழுத்து வரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.