ஒரு கோடு கூடிப்போச்சு

"பிள்ளையார் சுழி போட்டது குற்றமோ, சேர்? அதை மட்டும் சொல்லுங்கோ."

வினோஜா கடிதத்தை மேசையில் அடித்து வைத்தாள். மேசைக்கு அங்கால் இருந்த செபநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

போட்டிக் குழுவின் செயலாளர் அவர். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கு வைத்த போட்டி. பருத்தித்துறையில் மீன் விற்கிற பெண்களுக்கு ஒரு சந்தைக் கட்டடத்துக்கு வரைபடம் கீற வேண்டும். முதலாவதாக வருகிற வரைபடத்தை உண்மையாகவே கட்டப்போகிறார்கள். படிப்பு முடிய முதலே தான் கீறின கட்டடம் எழும்பி நிற்கும் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது?

மூன்று மாதம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சண்டிலிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், மீன் கழுவின தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பத்து மணி வெயில் யாருடைய முதுகில் அடிக்கிறது என்றெல்லாம் பார்த்துப் பார்த்துக் கீறினாள். மீன் விற்கிற றொசாந்தி அக்கா கேட்டது இரண்டே இரண்டுதான். தலைக்கு நிழல், கால் நனையாத தரை.

கடைசியில் வந்தது இரண்டு வரிக் கடிதம். 'தாளில் அடையாளக்குறி காணப்பட்டதால் தங்கள் வரைபடம் நிராகரிக்கப்படுகிறது.'

என்ன அடையாளக்குறி? பெயர் எழுதவில்லை, ஊர் எழுதவில்லை. விதியில் சொன்ன மாதிரி இலக்கம் மட்டுந்தான். அதைத் தவிர அந்தத் தாளில் எழுத்தாக இருந்தது மேல் மூலையில் ஒரு சின்ன 'உ'. கடைக்குச் சாமான் துண்டு எழுதினாலும் அவள் போடுகிறது. வயிறு எரியுமா, எரியாதா?

"விதி எண்டால் விதிதானே, தங்கச்சி" என்றார் செபநாயகம் மெதுவாக.

"நான் உங்கடை சிலுவையைப் போட்டிருந்தால் விட்டிருப்பியள், என்ன?"

பக்கத்தில் நின்ற அப்பா குகதாசன் திடுக்கிட்டுப் போனார். "வினோ, வாயை அடக்கு!"

"நீங்கள் சும்மா இருங்கோ அப்பா!"

செபநாயகத்தின் முகம் சிவந்தது. கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தார்.

வினோஜாவுக்கு அப்பாவில்தான் இன்னும் ஆத்திரம். பஸ்ஸில் கொண்டக்டர் 'உள்ளுக்குப் போங்கோ' என்றாலே யாழ்ப்பாணம் போய்ச் சேரும்மட்டும் சண்டை பிடிக்கிற மனுசன். இன்றைக்கு மகளின் உழைப்பைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள், இவரோ 'விடு பிள்ளை, வா போவம்' என்று காலையிலிருந்து அதே பாட்டு. வரமாட்டேன் என்று நின்றவரை இழுத்துக்கொண்டுதான் வந்தாள்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். முதல் பரிசு வாங்கின வரைபடம் தொங்கியது. கிட்டப் போனாள். அதன் மேல் மூலையில், உ!

"சேர், உது என்ன?" அவளின் குரல் கிறீச்சிட்டது. "உதிலையும் சுழி கிடக்கு!"

"ஓம். வந்ததிலை முக்கால்வாசியிலை கிடக்கு. எங்கடை பிள்ளையள் அது போடாமல் ஒண்டும் கீறாதுகள்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

செபநாயகம் குகதாசனை ஒருதரம் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து அவளுடைய தாளை எடுத்து விரித்தார்.

"எல்லாரும் சுழிக்குக் கீழை ரெண்டு கோடு போட்டிருக்கினம். உங்கடையிலை மூண்டு."

வினோஜா குனிந்து பார்த்தாள். உண்மைதான், மூன்று. அவசரத்தில் கை ஒன்றைக் கூட இழுத்திருக்கும். அதற்காக?

"கோடு எண்ணியோ ஆளை வெட்டினனீங்கள்? வெக்கமாயில்லையே உங்களுக்கு? முதல் பரிசு குடுத்ததைப் பாருங்கோ, முழுக்கக் கண்ணாடி! மீன் சந்தைக்குக் கண்ணாடி! மத்தியானத்துக்குள்ளை மீன் தன்பாட்டிலை அவிஞ்சுபோம். நான் றொசாந்தி அக்காவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"உங்கடை வரைபடம் நல்லது தங்கச்சி. நடுவர் மூண்டு பேருக்கும் பிடிச்சது. வாற வருசம் கட்டாயம் போடுங்கோ."

"பிடிச்சதைத்தான் தூக்கி எறிஞ்சனீங்களோ!"

அவள் போனை எடுத்து இரண்டு தாளையும் படம் பிடித்தாள்.

"பேஸ்புக்கிலை போடுறன், சேர். உங்கடை பேரையும் போட்டு, என்ன சமயமெண்டு பாத்து வெட்டின ஆள் எண்டு எழுதுறன். எல்லாரும் அறியட்டும்."

"எழுதுங்கோ." செபநாயகம் அவளுடைய தாளைச் சுருட்டினார். "உங்கடை மனம் ஆறுமெண்டால் எழுதுங்கோ."

அவள் எழுதத் தொடங்கினாள். போனின் மேல் அப்பாவின் கை வந்து விழுந்தது.

"வேண்டாம் பிள்ளை. அந்த மனுசனிலை பிழையில்லை."

"பின்னை ஆரிலை பிழை?"

குகதாசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உனக்குப் பதிலாய்த் தாளைக் குடுக்க வந்த அண்டைக்கு, வழியிலை மூண்டாவது கோட்டைப் போட்டது நான்தான். நடுவரிலை ஒருத்தர் என்னோடை படிச்சவர். 'மூண்டு கோடு கிடக்கிறது என்ரை பிள்ளையின்ரை, பாத்துச் செய்யும்' எண்டு அவருக்குப் போனிலை கோல் எடுத்துச் சொன்னனான். அவர் அதை அப்பிடியே இவரிட்டைச் சொல்லிப்போட்டார் போலை."

செபநாயகம் தலையில் கை வைத்தார்.

"பிள்ளைக்கு அது தெரியவேண்டாம் எண்டுதானே ஐயா, நான் இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு இருந்தனான்."