சுடுகாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டாண்டு

ஒரு கழுதை சந்தை வாசலில் நின்று, ஆள் ஏற்றிப் பிழைத்துவந்தது. அங்கே நெரிசல் அதிகம் என்று ஊர் மன்றத்துக்குப் புகார் போனது. மன்றத் தலைவர் ஆமை கூட்டம் போட்டது.

"ஸ்டாண்டைச் சுடுகாட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றலாம். குளத்தங்கரையில் கூடுதலாக இன்னொன்று திறக்கலாம்" என்றது உறுப்பினர் கொக்கு. கொக்குக்கு இறக்கை இருந்தது.

"அங்கெல்லாம் யாருங்க வந்து ஏறுவாங்க, தலைவரே? நான் பட்டினி கிடக்கணும்" என்றது கழுதை.

"இருக்கறது நீ ஒருத்தன். உனக்கு ரெண்டு ஸ்டாண்டு தந்திருக்கோம். இன்னும் என்னப்பா குறை?" என்றது ஆமை. ஸ்டாண்டைத் தவிர வேறெங்கும் ஆள் ஏற்றக் கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டது.

கழுதை அன்றே சுடுகாட்டைத் தாண்டிப் போய் நின்றது. மூன்று நாள் ஒரு சவாரியும் இல்லை. நாலாம் நாள் மத்தியானம் தூரத்தில் ஆமை வருவது தெரிந்தது. கூட்டம் முடிந்ததும் கிளம்பியது, இப்போதுதான் அவ்வளவு தூரம் வந்திருந்தது. கழுதை ஓரடிகூட எதிரே போகவில்லை.

"எங்கே போகணும், தலைவரே?"

"வீட்டுக்குத்தான்."

"உங்க வீட்டைத் தாண்டித்தானே இங்கே வந்தீங்க?"

"தாண்டித்தான் வந்தேன். ஸ்டாண்டுலதானே ஏறணும்?"

கழுதை மண்டியிட்டு ஏற்றிக்கொண்டது.

முதுகில் வசதியாக உட்கார்ந்த பிறகு ஆமை கேட்டது:

"யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னியேப்பா, இப்ப நான் வரலையா?"