நூல் மீசை

பொம்மனஹள்ளித் தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் மரகதம், மாறுவேடத் திருநாளுக்காகத் தானே தைத்த ராஜா வேடத்தில் கேளிக்கைப் பூங்காவின் வாசலில் நிற்கிறாள். காலை வெயில் அவளது ஜரிகைக் கிரீடத்தில் பட்டுக் காவலாளியின் கண்ணைக் கூசச் செய்கிறது. "கத்தி கூடாதுக்கா." அட்டைக் கத்தியைக் கொடுத்துவிடுகிறாள், கத்தியை இழந்த அரசு கலங்கவில்லை. "அங்கி தரையில இழுபடக் கூடாது." தொங்கலை அள்ளி, வேலைக்குப் புடவையைச் செருகுவதுபோல் இடுப்பில் செருகுகிறாள். கறுப்பு நூலில் செய்த மீசையைப் பார்த்து அவன் சிரிக்கிறான். "லேடீஸுக்கு ராணி டிரஸ் இருக்கு, மாத்திக்கினு வாங்க." பின்னால் வரிசையில் நிற்கும் தோழிகள் எட்டிப் பார்க்கிறார்கள். "முகத்த மறைக்கக் கூடாதுன்னு போர்டுல போட்டிருக்கு. என் முகம் தெரியுதில்ல? பொம்பள ராஜாவாகக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு, காட்டு தம்பி." அவன் விதிப்பலகையை மேலிருந்து கீழாகப் படிக்கிறான், மறுபடியும் படிக்கிறான். மரகதம் மீசையை நிதானமாக முறுக்குகிறாள். இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறக்கிறது. வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் குரல் வருகிறது: "அக்கா, அந்த நூலு மிச்சம் இருக்கா?"